ஒரு ஸ்வரம் தள்ளிப்போன புள்ளிகள்

போன வாரம், இங்கே ஃபாண்ட் வரைகிற உங்களில் ஒருவர், ஒரு புள்ளியை எழுத்தின் தலையில் சரியாக உட்கார வைக்க அரை மணி நேரம் ஆனதென்று அலுத்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இப்போதெல்லாம் எழுத்தில் ஓர் இடத்தைக் குறிக்கிறீர்கள், புள்ளியில் ஓர் இடத்தைக் குறிக்கிறீர்கள், இரண்டும் தாமாகப் போய் ஒட்டிக்கொள்கின்றன. எழுத்து அகலமாக இருந்தாலும் குறுகலாக இருந்தாலும் புள்ளி நடுவில் நிற்கிறது. ஓப்பன்டைப் என்ற புது எழுத்துரு முறை வந்த பிறகு கிடைத்த வசதி இது. அரை மணி நேரமெல்லாம் ஒரு நேரமா என்று சொல்ல வாயெடுத்து, பேசாமல் இருந்துவிட்டேன். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது புள்ளிக்கு அவ்வளவு அறிவு கிடையாது. ஒரு ஃபாண்டில் இருநூற்றுச் சொச்சம் இடங்கள். தமிழ் முழுவதையும் அதற்குள் அடக்க வேண்டும். எந்த எழுத்தை எந்த இடத்தில் வைப்பதென்று ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்தது. சில இடங்களைக் கணினி தனக்கென்று பிடித்து வைத்திருந்தது. அது தெரியாமல் என் முதல் ஃபாண்டில் ஓர் எழுத்தை அப்படிப்பட்ட இடத்தில் வைத்துவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் அது ஒழுங்காகத் தெரிந்தது. வாங்கியவர் வீட்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. நல்லவேளையாக அந்த எழுத்து 'ஙூ'. இன்றுவரை யாரும் புகார் சொல்லவில்லை.

நான் படித்தவன் இல்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். விழுப்புரத்தில் சைக்கிள் கடை, பெங்களூரில் ஓட்டல், சோலாப்பூரில் ஒரு மில் கேன்டீன் என்று சுற்றிவிட்டுச் சென்னைக்கு வந்தேன். எங்கும் யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓர் இடத்தில் எனக்குக் கால் தரிக்காது, அவ்வளவுதான். சென்னையில் ஓர் அச்சகத்தில் ஃபிலிம் டச்சிங் வேலை. பக்கங்களைப் படமெடுத்த ஃபிலிமில் விழுந்த கறையைப் பிளேடால் சுரண்ட வேண்டும், உடைந்த எழுத்தை மைப்பேனாவால் சேர்க்க வேண்டும். காகித குடோனில் படுத்துக்கொண்டேன். மத்தியானம் ஒரு வேளை சாப்பாடு. கை நடுங்காது என்று கேள்விப்பட்டு, தி. நகரில் இரண்டு அறைகளில் ஃபாண்ட் செய்துகொண்டிருந்த ஒருவர் என்னை அழைத்துக்கொண்டார். எழுத்தின் வளைவுகளைத் திரையில் வரைவது என் வேலை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அந்த இடத்தில் மட்டும் ஏனோ கால் தரித்தது.

அங்கேதான் மயிலாப்பூர் மாமி வந்தார்.

மாமி வீணை வாசிப்பார், பாட்டும் சொல்லிக் கொடுப்பார். வடக்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீடு. தன் குருநாதர் இயற்றிய உருப்படிகளையெல்லாம் ஸ்வரப்படுத்தி ஒன்பது நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார். அவற்றைப் புத்தகமாகப் போட வேண்டும். சங்கீதம் எழுதுவதில் ஒரு முறை இருக்கிறது. ஸ, ரி, க, ம, ப, த, நி என்று எழுத்துகள். மேல் ஸ்தாயி என்றால் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி, கீழ் ஸ்தாயி என்றால் காலடியில் ஒரு புள்ளி. நீட்டிப் பாட வேண்டிய இடத்தில் காற்புள்ளி. தாளம் பிரியும் இடத்தில் ஒரு நெடுங்கோடு. எனக்கு இதெல்லாம் மாமி சொல்லித்தான் தெரியும். பாட்டுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை.

"இந்தப் பாட்டெல்லாம் வேற யாருக்கும் தெரியாதா மாமி?" என்று முதல் நாள் கேட்டேன்.

"குருநாதருக்கு சிஷ்யாள் மூணு பேர். ரெண்டு பேர் போயாச்சு. மிச்சம் நான்தான்" என்றார். பிறகு என் மேசையில் கிடந்த அச்சுத் தாள் ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். "நான் பாடறச்சே தப்பு வந்தா அது அந்தக் கச்சேரியோட போயிடும். புஸ்தகத்துல தப்பு வந்தா, பின்னால வர்றவாளுக்கு அதுதான் பாடம். அதனால உங்களைக் கொஞ்சம் படுத்துவேன். கோச்சுக்கப்படாது."

படுத்தினார். நான் முதலில் செய்த ஃபாண்டில் புள்ளியை முன்னால் தட்டி, அதன் பிறகு எழுத்தைத் தட்ட வேண்டும். புள்ளிக்கு அகலம் கிடையாது. அது தனக்கு வலப்பக்கம் வரும் எழுத்தின்மேல் போய் உட்காரும். ரி, நி போன்ற அகல எழுத்துக்கு ஒரு புள்ளி, க, ப போன்றவற்றுக்கு வேறொரு புள்ளி என்று தனித்தனியாக வைத்திருந்தேன். அந்த ஃபாண்டில் நாலு பக்கம் ஒரு சங்கீத விழா மலருக்காக ஃபிலிம் எடுத்தோம். நன்றாகவே வந்தது. ஆனால் புத்தகத்தைத் தட்டத் தொடங்கியபோது தட்டச்சு செய்த பெண் நிறையப் புள்ளிகளை விட்டுவிட்டாள்.

மாமி அவள் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவ மேல தப்பில்லை. எழுதறச்சே யாராவது முன்னாடி புள்ளி வச்சுண்டு பின்னாடி எழுத்து போடுவாளா? எழுத்தைப் போட்டுட்டு அப்புறம்தானே கை புள்ளிக்குப் போறது?"

நியாயம்தான். புள்ளியை இடப்பக்கம் உட்காரும்படி மாற்றினேன். இப்போது எழுத்தை முதலில் தட்டலாம், புள்ளி பின்னால் வந்து, தட்டிய எழுத்தின் மேல் ஏறிக்கொள்ளும். அதுவரை தட்டியிருந்த அறுபது பக்கங்களிலும் வரிசையை மாற்றிக் கொடுத்தேன். ஃபாண்டின் பெயரை மட்டும் மாற்றவில்லை. பெயரை மாற்றினால் எல்லாக் கோப்புகளையும் திறந்து, பழைய ஃபாண்டுக்குப் பதில் புது ஃபாண்டைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். பழையதன் மேலேயே புதியதை எழுதிவிட்டால் வேலை மிச்சம். அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்தோம். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டே செய்தோம்.

ஐந்து மாதம் மாமி லேசர் பிரிண்டில் மெய்ப்புப் பார்த்தார். கையில் ஒரு பூதக்கண்ணாடி. வலது கண்ணில் புரை முற்றியிருந்தது, இடது கண் அதற்கு முன்பே போய்விட்டது. ஒவ்வொரு பக்கத்தையும், காலப்பிரமாணம் என்கிற பாட்டின் வேகம் கூடாமல் குறையாமல், தொடையில் தாளம் போட்டபடி வாய்க்குள் பாடிப் பார்த்து, சரியாக இருந்தால் மூலையில் பச்சை மையில் கையெழுத்திடுவார். நூற்றெண்பத்தாறு பக்கங்கள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்ட மறுவாரம் கண் ஆபரேஷன். கட்டுப் பிரித்தாலும் நாற்பது நாள் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விஜயதசமியன்று வெளியீடு. எல்லாம் முடிந்தது, இனி அச்சுதான் என்று நாங்கள் நினைத்தோம்.

கோப்புகளை ஒரு டிஸ்க் கார்ட்ரிட்ஜில் போட்டு லஸ் பக்கம் இருந்த ஃபிலிம் எடுக்கும் கடைக்குக் கொண்டு போனேன். அங்கே இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அப்பா காலத்திலிருந்து அச்சுத் தொழில். இரண்டு நாளில் ஃபிலிம் தயார். நான் அங்கேயே, கண்ணாடிக்கு அடியில் விளக்கெரியும் விளக்கு மேசையில் போட்டுப் பார்த்தேன். எழுத்து கூர்மையாக இருந்தது. புள்ளிகள் எல்லாம் இருந்தன. சில வரிகளில் எண்ணிக்கூடப் பார்த்தேன், எண்ணிக்கை சரியாக இருந்தது. சைதாப்பேட்டையில் இருந்த அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

மெஷின் ஓட இருந்த நாள் காலை பத்து மணிக்கு அச்சகத்துக்குப் போனேன். முதல் பதினாறு பக்கங்களுக்கு ஃபிலிமிலிருந்து அச்சுத் தகடு போட்டாகிவிட்டது. அடுத்த பதினாறின் ஃபிலிம் விளக்கு மேசையில் ஒட்டப்பட்டிருந்தது. சும்மா குனிந்து பார்த்தேன். ஒரு வரியின் முடிவில், நெடுங்கோட்டின் காலடியில் ஒரு புள்ளி இருந்தது. தூசி என்று நினைத்து நகத்தால் தட்டினேன். போகவில்லை. அடுத்த பக்கத்தில் ஒரு காற்புள்ளியின் தலையில் இன்னொன்று. அதற்கும் அடுத்த பக்கத்தில் மறுபடியும் நெடுங்கோட்டின் கீழே.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் கோட்டுக்கு மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி கிடையாது என்பது தெரியும். கோட்டை யாரும் பாடுவதில்லை.

மெஷின்மேன் பின்னால் வந்து நின்றார். "இன்னா நைனா, அப்படி மொறச்சிக்கினு நிக்கிற? தூசா?"

"தூசி இல்லண்ணே. மெஷின நிறுத்துங்க."

"இன்னும் ஓட்டவே இல்லியே. இப்பதான் மை போட்டுக்கினு கீறோம்."

"போடாதீங்க."

"யாரு சொல்றது, உன் ஓனரா?"

"நான்தான் சொல்றேன்."

"நீ சொன்னா ஆச்சா? இன்னிக்கும் நாளிக்கும் உனக்குன்னு மெஷின் எடுத்து வச்சிக்கீறேன். இத வுட்டா அப்பால புது வருச டைரி ஏறிடும். மாமி புக்கு பொங்கலுக்குத்தான் வரும், பாத்துக்கோ."

அங்கிருந்தே முதலாளிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன காரணம்?" என்றார்.

"தெரியல சார்."

"காரணமே தெரியாம மெஷினை நிறுத்தச் சொன்னியா?"

"காரணம் தெரியுறதுக்குள்ள புக்கு அடிச்சு முடிஞ்சிடும் சார்."

"சாயங்காலத்துக்குள்ள எனக்குச் சொல்லு" என்று வைத்துவிட்டார். அவர் நல்ல மனிதர்.

காரணம் தெரிந்த பிறகுதான் வாயைத் திறப்பேன் என்று இருக்காதீர்கள். தப்பு என்று கண்ணில் பட்டால் முதலில் நிறுத்துங்கள். நிறுத்தியது வீண் என்று பிறகு தெரிந்தால் நாலு பேர் திட்டுவார்கள். திட்டு வாங்கி யாரும் செத்ததில்லை, நான் நிறையவே வாங்கியிருக்கிறேன்.

மெஷின்மேன் அதற்குள் ஃபிலிமைத் தானும் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் முன்பு என்ன வேலை செய்தேன் என்பது அவருக்குத் தெரியும்.

"இதுக்கா இவ்ளோ ரகள? பிளேடு எடு. கோட்டு மேல கீறத, கமா மேல கீறத மட்டும் சுரண்டி வுடு. ரெண்டு அவர் வேல. மத்ததெல்லாம் எழுத்து மேலதானே குந்திக்கீது?"

"அது சரியான எழுத்தா இல்லியான்னு தெரியலயேண்ணே."

"உனக்கே தெரில. அப்ப வேற எவனுக்குத் தெரியப் போவுது?"

ஒரு டீ குடிக்கும் நேரம் நான் அதை யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. என்னால் முடியும். கண்ணுக்குத் தெரிகிற தப்பையெல்லாம் எடுத்துவிட்டால் புத்தகம் அழகாக இருக்கும். மாமி நாற்பது நாள் பார்க்க முடியாது, அதற்குள் வெளியீடு முடிந்துவிடும். யார் கேட்பார்கள்? கேட்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருத்தர், அவர் கண்ணில் கட்டு. இதை நினைத்ததும் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். மாமி கையெழுத்துப் போட்டது லேசர் தாளில். ஃபிலிமில் இருப்பது வேறு. இதை யாரும் மறுபடி பாடிப் பார்த்துத் திருத்த முடியாது. நான் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்த ஆரம்பித்தால், எது அவர் வைத்த புள்ளி, எது நான் வைத்த புள்ளி என்று அப்புறம் எனக்கே தெரியாது. அவர் சரி பார்த்தது அப்படியே திரும்பக் கிடைக்க வேண்டும் என்றால், தப்பு எங்கே புகுந்ததோ அந்த இடத்தைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிளேடை எடுக்கவில்லை. ஃபிலிமைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் மடியில், பையில் இருந்த லேசர் தாளையும் ஃபிலிமையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். எழுத்துகள் இம்மி பிசகாமல் பொருந்தின. புள்ளிகள் மட்டும் எல்லாமே ஒரு ஸ்வரம் வலது பக்கம் தள்ளி இருந்தன. ஒன்றுகூட விடாமல். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. மனிதன் செய்யும் தப்பு இவ்வளவு ஒழுங்காக இருக்காது. எல்லாம் ஒரே மாதிரி தப்பு என்றால் எங்கோ ஒரே ஒரு காரணம்தான் இருக்க வேண்டும்.

பாய் கடையில் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா தம்பி, ஃபிலிம திருப்பி எடுத்தாந்துட்ட?"

"புள்ளி எல்லாம் நகந்திருக்கு பாய்."

"நீ குடுத்ததத்தான் நான் அடிச்சேன். என் மெஷின் புள்ளிய மட்டும் தனியா தள்ளி வைக்குமா? கல்யாணப் பத்திரிக ஓடுதே, போய்ப் பாரு, மாப்ள பேரு பொண்ணு பேர் மேலயா குந்திக்கினு கீது?"

"உங்க மேல தப்பு சொல்லல பாய். என் ஃபாண்ட எப்படி ஏத்துனீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"ஏத்தலியே" என்றார் பாய் சாதாரணமாக.

"ஏத்தலியா?"

"நீதான் அந்த மலருக்கு நாலு பக்கம் எடுத்தியே, அப்பவே ஏத்தி டிஸ்க்ல வச்சிட்டேன். ரெகுலர் பார்ட்டிங்க ஃபாண்டெல்லாம் உள்ளதான் கீது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஃபாண்ட கூட அனுப்பினா மூணு நிமிசம் ஜாஸ்தி ஆவும். உள்ள கீறத எடுத்துக்கோன்னா பறந்துடும். பேர் பாத்தேன், அதே பேரு. அப்புறம் இன்னா?"

அதே பேரு.

கோப்பில் எழுத்து முதலிலும் புள்ளி பின்னாலும் இருந்தன. பாய் இயந்திரத்தில் இருந்ததோ பழைய ஃபாண்ட். அதில் புள்ளி வலப்பக்கம் வரும் எழுத்தின்மேல்தான் உட்காரும். அதன் வழக்கப்படி அடுத்த எழுத்தின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அடுத்தது கோடாக இருந்தால் கோட்டின்மேல். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தவன் நான். புள்ளிக்கு இரண்டிலும் அகலம் இல்லாததால் வேறு எதுவும் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. அதனால்தான் விளக்கு மேசையில் அவ்வளவு அழகாக இருந்தது.

"பாய், தப்பு என்னுது" என்றேன். விளக்கினேன்.

அவர் தாடியைச் சொறிந்துகொண்டு கேட்டார். "சரி, பேர மாத்தினா போதுமா?"

"போதும்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்காத. ஒரு பக்கம் போட்டுப் பாத்துடலாம்."

அவர் கணினியிலேயே உட்கார்ந்து ஃபாண்டுக்குப் புதுப் பெயர் கொடுத்தேன். பெயரோடு ஓர் எண்ணையும் சேர்த்தேன். கல்யாணப் பத்திரிகையை நிறுத்திவிட்டு நெடுங்கோட்டில் புள்ளி விழுந்திருந்த பக்கத்தைப் பாய் அனுப்பினார். ஃபிலிம் சுட்டு, மருந்தில் போய், கழுவி, காய்ந்து மறுபக்கம் வர ஆறேழு நிமிடம் ஆகும். சோலாப்பூரில் வேலை கிடைக்கும்வரை மூன்று நாள் பட்டினி கிடந்திருக்கிறேன், அந்த நேரம் இவ்வளவு மெதுவாகப் போகவில்லை. ஃபிலிமின் முனை வெளியே வந்ததும் இரண்டு பேரும் குனிந்தோம். தலை இடித்துக்கொண்டது.

கோட்டின் காலடியில் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் இருந்த 'நி'யின் கீழே புள்ளி இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய். உடனே, "இனிமே யார் வந்தாலும் ஃபாண்ட புதுசா ஏத்திதான் அடிப்பேன். மூணு நிமிசம் போனா போவட்டும். உன்னாண்ட ஒரு வார்த்த கேக்காம வுட்டது என் தப்பு" என்றார். தப்பைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. நூற்றெண்பத்தாறு பக்கங்களையும் மறுபடி எடுக்க ஆரம்பித்தார். முதலாளிக்குப் போன் செய்து காரணத்தைச் சொன்னேன்.

மறுநாள் காலையில் மாமி கையெழுத்திட்ட தாள்களைக் கட்டாகப் பாய் கடைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு ஃபிலிமையும் அதனதன் தாள் மேல் வைத்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஒரு பக்கம். பிசகியிருந்தால் கறுப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி எட்டிப் பார்க்கும். ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. முதல் பதினாறு பக்கங்களை உடனே சைதாப்பேட்டைக்கு அனுப்பினேன், புதுத் தகடு போடட்டும் என்று. ஆனால் ஓட்டச் சொல்லவில்லை. நான் முன்பும் ஒரு முறை பார்த்துச் சரி என்று சொன்னவன்தானே. என் கண்ணை நம்ப எனக்கே மனம் வரவில்லை. மீதி ஃபிலிமோடு மாமி வீட்டுக்குப் போனேன்.

மாமி கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். கண்ணில் கட்டு. நான் எதையும் குறைக்காமல் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் விரலால் நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தப்பானது இருக்கா கையில?"

"இருக்கு மாமி."

"அதை வாசியுங்கோ முதல்ல. ஒவ்வொரு எழுத்தா. புள்ளி மேலயா கீழயான்னு சொல்லிண்டே வாங்கோ."

ஃபிலிமை ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வாசித்தேன். "ஸ. நி, மேலே புள்ளி. த. ப." மாமி பாடினார். ஸ பாடிவிட்டு, மேல் 'நி'யை, அதாவது நிஷாதத்தைப் பிடிக்கக் கழுத்தை உயர்த்தி, குரல் எங்கோ போய்க் கிறீச்சிட்டு, உடனே கீழே விழுந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஐயோ, இதைப் பாடறதுன்னா தொண்டையில ஏணி போட்டுண்டுன்னா ஏறணும்" என்றார். "டாக்டர் சிரிக்கப்படாதுன்னு சொல்லியிருக்கார். கண்ணுல தையல். நீங்க என்னைக் குருடாக்காம விடமாட்டேள் போலருக்கே. சரி, நல்லதை எடுங்கோ."

புது ஃபிலிமை எடுத்தேன். எந்தப் பக்கம் என்று கேட்டேன். எதையாவது எடுங்கள் என்றார். ஃபிலிம் கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவி வாசித்தேன். "ஸ, மேலே புள்ளி. நி. த. ப. கோடு." நான் கடைக்காரன் கணக்குச் சொல்வதுபோல் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் அது பாட்டாக வந்தது. இரண்டாவது வரி, மூன்றாவது வரி.

நான்காவது வரியில், "ஸ. நி, கீழே புள்ளி. த, கீழே புள்ளி. நி. ஸ" என்றேன்.

மாமி நிறுத்தினார். "அந்த ரெண்டாவது நிஷாதத்துக்குக் கீழே புள்ளி?"

பார்த்தேன். "இல்ல மாமி."

"நன்னாப் பாருங்கோ."

"இல்ல."

நூற்றெண்பத்தாறையும் வைத்துப் பார்த்தேனே. பையிலிருந்து மெய்ப்புத் தாள் கட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடினேன். அதிலும் நிஷாதத்தின் கீழே ஒன்றும் இல்லை. மூலையில் பச்சைக் கையெழுத்து இருந்தது.

"மாமி, நீங்க பாத்த தாள்லயும் இல்ல."

"என் கையெழுத்து இருக்கா அதுல?"

"இருக்கு."

"நோட்டுல பாருங்கோ. அலமாரில மூணாவது."

நோட்டை எடுத்துப் பார்த்தேன். நோட்டில் புள்ளி இருந்தது. தட்டும்போது விட்டிருக்கிறது, மாமியின் பூதக்கண்ணாடியும் விட்டுவிட்டது.

மாமி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். ரொம்ப நாளாகச் சுமந்த ஒன்றை இறக்கி வைத்தவரைப்போல் மூச்சு விட்டார்.

"அப்போ அது என் தப்பு. நான் விட்டதைக்கூட நீங்க விட்டபடியே எடுத்துண்டு வந்திருக்கேள்" என்றார். "போறும். இதுக்கு மேல எதையும் வாசிக்க வேண்டாம். நான் பாத்த புஸ்தகம்தான் இது."

அந்த ஒரு பக்கத்தை மட்டும் திருத்திப் பாயிடம் மறுபடி எடுத்துக்கொள்ளலாம், அது கடைசியில்தான் மெஷினில் ஏறும் என்று சொன்னேன். மாமி தலையாட்டினார். அவர் வீட்டுப் போனிலிருந்தே சைதாப்பேட்டைக்குப் பேசினேன்.

"இன்னா நைனா, பாட்டு கத்துக்கினு வன்ட்டியா?" என்றார் மெஷின்மேன். "தகடு மாட்டிக்கினு காலைலேந்து குந்திக்கினு கீறேன். ஓட்டட்டா, வேணாமா? ஒரே வார்த்தைல சொல்லு."

"ஓட்டுங்கண்ணே."

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார் போலிருக்கிறது. அவர் யாரையோ கத்திக் கூப்பிடுவது கேட்டது. பிறகு மோட்டார் உறுமியது. காகிதம் ஒவ்வொன்றாக உருளைக்குள் போகும் சத்தம், முதலில் தயங்கித் தயங்கி, பிறகு சீராக வந்தது.

"ஓடறதா? இங்கே குடுங்கோ" என்று மாமி கையை நீட்டினார். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டார். இன்னொரு கை தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

"காலப்பிரமாணம் நன்னா நிக்கறது" என்று சொல்லி ரிசீவரை என்னிடம் கொடுத்தார்.